நட்சத்திரக் குறிக்குப் பின்னால்

மொழி வரலாற்று நூல்களில் சில சொற்களுக்கு முன்னால் சின்னதாக ஒரு நட்சத்திரக் குறி இருக்கும். அடிக்குறிப்பு போல என்று நினைத்துப் பக்கத்தின் கீழே தேடினால் ஒன்றும் இருக்காது. அந்தக் குறிக்கு அர்த்தம் இதுதான்: இந்தச் சொல்லை யாரும் எழுத்தில் பார்த்ததில்லை. எந்த ஏட்டிலும், எந்தக் கல்லிலும் இது கிடையாது. ஆனால் பிற்காலத்தில் கிடைக்கிற சொற்களை வைத்துப் பார்த்தால் இப்படி ஒன்று இருந்திருக்க வேண்டும். மூலத்திராவிடச் சொற்கள் இந்த நட்சத்திரத்தோடுதான் அச்சாகின்றன. மூல ஜெர்மானியச் சொற்களும் அப்படியே.

சி மொழியில் கோட் எழுதிப் பழகியவர்களுக்கு நட்சத்திரம் என்றால் பாயின்டர். அதனிடம் பொருள் இருக்காது, பொருள் இருக்கிற இடத்தின் முகவரி மட்டும் இருக்கும். மொழிநூலாளரின் நட்சத்திரம் இன்னும் பரிதாபம். முகவரி கையில் இருக்கிறது, போய்ப் பார்த்தால் வீடே இல்லை.

ஜே.ஆர்.ஆர். டோல்கீனை நம்மில் பலரும் பீட்டர் ஜாக்சனின் படங்கள் வழியாகத்தான் அறிந்தோம். அப்புறம்தான் புத்தகம். அவர் ஆக்ஸ்ஃபோர்டில் பேராசிரியர் என்பது பின்னட்டையில் வரும் தகவல். பகலில் பாடம், ராத்திரியில் எல்ஃபும் டிராகனும் என்று ஓர் இரட்டை வாழ்க்கையாக அதைக் கற்பனை செய்துகொள்கிறோம். ஆபீஸ் முடிந்து வந்து எழுத உட்காரும் என்னைப் போன்றவர்களுக்கு அந்தச் சித்திரம் ரொம்பப் பிடிக்கும். ஆனால் அவருடைய ஆய்வுகளையும் கதைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் அந்தச் சித்திரம் நிற்காது. இரண்டு மேசையிலும் அவர் செய்தது ஒரே வேலை. இந்த நட்சத்திரக் குறியைச் சாவியாக வைத்து டோல்கீனைத் திறக்கலாம் என்று காட்டியவர் டாம் ஷிப்பி. அவரும் இடைக்கால ஆங்கிலம் கற்பித்த பேராசிரியர். அவர் காட்டிய வழியில்தான் நானும் போகிறேன். ஆனால் எனக்கு வேறு ஒரு கேள்வி இருக்கிறது. தொலைந்துபோன ஒரு பழங்காலத்தை நேசிக்கிறவன், அந்த வெற்றிடத்தை என்ன செய்ய வேண்டும்?

1

டோல்கீன் 1892 ஜனவரி 3 அன்று தென்னாப்பிரிக்காவின் புளூம்ஃபோன்டைனில் பிறந்தார். அப்பா அங்கே வங்கி மேலாளர். அம்மா மேபல், இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு 1895இல் இங்கிலாந்துக்கு வந்திருந்தபோது, அப்பா அங்கேயே காய்ச்சலில் இறந்துபோனார். பையனுக்கு வயது 4. லத்தீனும் ஜெர்மனும் அம்மாதான் சொல்லிக்கொடுத்தார். 1900இல் அவர் கத்தோலிக்கராக மாறியதும் உறவினர்கள் பண உதவியை நிறுத்தினார்கள். 1904இல் சர்க்கரை நோயால் இறந்தார். இன்சுலின் வர இன்னும் ஏறத்தாழ இருபது வருடம் இருந்தது. பன்னிரண்டு வயதில் அனாதையான அந்தப் பையனை வளர்க்கும் பொறுப்பு ஒரு பாதிரியாரிடம் போனது.

அந்த வயதுப் பையன்கள் தபால்தலை சேர்ப்பார்கள். இவர் சேர்த்தது மொழிகளை. வீட்டுக்குப் பின்னால் போகும் நிலக்கரி ரயில்பெட்டிகளில் எழுதியிருந்த வெல்ஷ் ஊர்ப்பெயர்கள்தான் முதல் மயக்கம். அப்புறம் பள்ளியில் ஒரு நண்பனிடமிருந்து பழைய புத்தகம் ஒன்றை வாங்குகிறார். ஜோசஃப் ரைட் எழுதிய காத்திக் மொழிப் பாடநூல். காத்திக் செத்துப்போன மொழி. நான்காம் நூற்றாண்டில் செய்யப்பட்ட பைபிள் மொழிபெயர்ப்பின் சில பகுதிகளும் வேறு சில துண்டுகளும்தான் மிச்சம். பைபிளில் வராத சொற்களுக்கு என்ன செய்வது? பையன் தானே செய்துகொண்டான். மற்ற ஜெர்மானிய மொழிகளில் ஒலிகள் எப்படி மாறின என்ற விதிகளைப் பிடித்துக்கொண்டு, காத்திக்கில் அந்தச் சொல் எப்படி இருந்திருக்கும் என்று கணக்குப் போட்டான். அவர் போட்ட முதல் நட்சத்திரங்கள் அவை.

அந்தப் பாடநூலை எழுதிய ஜோசஃப் ரைட் பின்னாளில் ஆக்ஸ்ஃபோர்டில் இவருக்கே ஆசிரியராக அமைந்தார். ரைட்டின் கதை தனியாக எழுத வேண்டியது. ஆறு வயதில் வேலைக்குப் போய், யார்க்ஷயர் நூற்பாலையில் வளர்ந்து, பதினைந்து வயதுவரை எழுதப் படிக்கத் தெரியாமல் இருந்தவர். அப்படிப்பட்டவர் ஆறு தொகுதிகளில் ஆங்கில வட்டார வழக்கு அகராதியைத் தொகுத்தார். பண்டிதர்களின் மொழிக்கு இருக்கும் அதே வரலாறு ஆலைத் தொழிலாளியின் பேச்சுக்கும் உண்டு என்பதை டோல்கீன் இவரிடம் நேரிலேயே பார்த்தார். ஷையரின் ஹாபிட்டுகள் ஏன் கிராமத்து ஆங்கிலம் பேசுகிறார்கள் என்று யோசிக்கும்போதெல்லாம் எனக்கு ரைட் ஞாபகம் வருவார்.

1914இல் டோல்கீன் ஒரு பழைய ஆங்கிலச் சமயக் கவிதையில் 'ஏயரெண்டல்' என்ற சொல்லைச் சந்திக்கிறார். ஒளி, விடிவெள்ளி என்கிற மாதிரி ஏதோ பொருள். ஆனால் அதற்கு இணையான பெயர் வேறு ஜெர்மானிய மொழிகளிலும் இருக்கிறது. அப்படியென்றால் ஒரு காலத்தில் எல்லாரும் அறிந்த கதை ஒன்று இருந்திருக்கிறது. கதை போய்விட்டது, பெயர் மட்டும் ஒரு தோத்திரப் பாட்டில் ஒட்டிக்கொண்டு தப்பிவிட்டது. ஓர் ஆய்வாளர் இங்கே நிறுத்திக்கொண்டு குறிப்பு எழுதுவார். டோல்கீன் அந்த செப்டம்பரில் ஒரு கவிதை எழுதினார். வானத்தில் கப்பல் ஓட்டும் ஏயரெண்டல் என்ற மாலுமியைப் பற்றி. பிற்பாடு மத்திய பூமி என்று விரிந்த அத்தனைக்கும் விதை அது.

2

பள்ளியில் அவருக்கு நெருக்கமான நண்பர்கள் மூன்று பேர். ராபர்ட் கில்சன், ஜெஃப்ரி ஸ்மித், கிறிஸ்டஃபர் வைஸ்மன். டீ குடித்துக்கொண்டே உலகத்தைத் திருத்தத் திட்டம் போடும் செட்டு, அவ்வளவுதான். முதல் உலகப் போர் வந்தது. 1916 ஜூலை 1, சோம் போரின் முதல் நாள். பிரிட்டிஷ் தரப்பில் அந்த ஒரே நாளில் 19,000க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். கில்சன் அவர்களில் ஒருவர். டிசம்பரில் குண்டுச் சிதறல் பட்டு ஸ்மித்தும் போனார். ஸ்மித் அந்த ஆண்டின் தொடக்கத்தில் டோல்கீனுக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தார். தான் செத்தாலும் தாங்கள் கனவு கண்டதைச் சொல்ல ஒருவராவது மிஞ்சுவார், நான் சொல்ல நினைத்ததை நீ சொல் என்பதுதான் அதன் சாரம்.

சிக்னல் அதிகாரியாக இருந்த டோல்கீன் பதுங்குகுழிக் காய்ச்சலோடு இங்கிலாந்துக்குத் திரும்பினார். அதை அடுத்த மாதங்களில்தான் 'காண்டோலினின் வீழ்ச்சி' எழுதப்பட்டது. ஒளித்து வைக்கப்பட்ட ஓர் அழகான நகரம் காட்டிக்கொடுக்கப்பட்டு எரிந்து அழிகிற கதை. அந்த முதல் தொகுப்புக்கு அவர் வைத்த பெயர் 'தொலைந்த கதைகளின் புத்தகம்'. தொலைந்த சொல்லைத் தேடிப் போனவருக்குத் தொலைந்த மனிதர்களும் வந்து சேர்ந்துவிட்டார்கள்.

3

போர் முடிந்ததும் கிடைத்த முதல் வேலை ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியில். அகராதி கிட்டத்தட்ட முடிகிற கட்டம். இவருக்கு வந்தது 'டபிள்யூ'வில் தொடங்கும் சில சொற்கள். வார்ம், வாஸ்ப், வாட்டர், விண்டர், வால்ரஸ். அந்த வால்ரஸ் மட்டும் அவரைப் படாத பாடு படுத்தியது. அதன் வேர் டச்சிலா, நார்ஸிலா, 'குதிரைத் திமிங்கலம்' எப்படித் 'திமிங்கலக் குதிரை' ஆனது என்று சொற்பிறப்புக் குறிப்பைத் திரும்பத் திரும்ப எழுதிப் பார்த்த தாள்கள் இன்றும் இருக்கின்றன. ஒரு கடல்பிராணிக்கு இவ்வளவா என்று தோன்றும். ஆனால் ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னால் ஒரு நெடிய கதை இருக்கிறது என்ற நம்பிக்கை அங்கேதான் கைப்பழக்கமாக மாறியது. இரண்டே வருடத்தில் தான் கற்றுக்கொண்டது வாழ்நாளில் வேறு எந்த இரண்டு வருடத்தையும்விட அதிகம் என்று அவரே பிறகு சொன்னார்.

1920இல் லீட்ஸ் பல்கலைக்கழகம். அங்கே ஈ.வி. கோர்டனோடு சேர்ந்து 1925இல் 'சர் கவேனும் பச்சை வீரனும்' காவியத்தின் பதிப்பைக் கொண்டுவந்தார். அதே ஆண்டு ஆக்ஸ்ஃபோர்டில் ஆங்கிலோ-சாக்ஸன் பேராசிரியர் பதவி. வயது 33. போட்டியில் இருந்தவர் அவருடைய முன்னாள் ஆசிரியர் கென்னத் சிசம். ஓட்டு சமமாக விழுந்து, துணைவேந்தரின் ஓட்டில்தான் டோல்கீன் வந்தார். வகுப்பில் 'பியோவுல்ஃப்' பாடத்தைத் தொடங்கும்போது உள்ளே வந்தவுடனே அதன் முதல் சொல்லை உரக்க முழங்குவாராம். சத்தம் போடாதே என்று அதட்டுகிறார் போல என்று சில மாணவர்கள் நினைத்துக்கொள்வார்களாம்.

அவருடைய ஆய்வுகளில் எனக்கு மிகவும் பிடித்தது 1929இல் வந்த ஒரு கட்டுரை. பதின்மூன்றாம் நூற்றாண்டுச் சுவடிகள் இரண்டு. ஒன்று கேம்பிரிட்ஜில், ஒன்று ஆக்ஸ்ஃபோர்டில். எழுதியவர்கள் வேறு வேறு ஆட்கள். ஆனால் எழுத்துக்கூட்டலும் இலக்கணமும் நுணுக்கமான இடங்களில்கூட ஒன்றாக இருப்பதை டோல்கீன் கவனித்தார். இது தற்செயலாக நடக்காது. இரண்டு பேருக்கும் ஒரே பள்ளிமரபு இருந்திருக்க வேண்டும். 1066இல் நார்மானியர்கள் வந்தபிறகு ஆங்கிலம் மதிப்பிழந்து, மேட்டுக்குடி பிரெஞ்சும் மடாலயம் லத்தீனும் பேசிய காலம். ஆனால் மேற்கு மிட்லண்ட்ஸின் ஒரு மூலையில் மட்டும் படித்தவர்கள் ஆங்கிலத்தை ஒழுங்காக, பெருமையாக எழுதிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். வெறும் எழுத்துக்கூட்டலிலிருந்து ஒரு சமூகத்தையே அவர் மீட்டெடுக்கிறார். லாக் ஃபைலை மட்டும் வைத்துக்கொண்டு, செத்துப்போன சர்வரில் என்ன ஓடியது என்று சொல்வது மாதிரியான வேலை. மேற்கு மிட்லண்ட்ஸ் அவருடைய அம்மாவின் பூர்வீகம் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். உலகம் மாறிக்கொண்டிருக்கும்போது தன் வழக்கத்தை விடாமல் வைத்திருக்கும் அந்தச் சின்ன மூலைக்குப் பிறகு ஷையர் என்று பெயர் வந்தது.

4

பழைய ஆங்கிலத்தில் நமக்குக் கிடைத்திருக்கும் கவிதைகள் மொத்தமே சுமார் 30,000 வரிகள். பெரும்பகுதி நான்கே நான்கு சுவடிகளில். ஒன்றை யாரோ ஒருகாலத்தில் அறுக்கும் பலகையாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள். ஒன்று எப்படியோ இத்தாலிக்குப் போய்விட்டது. பியோவுல்ஃபின் 3,182 வரிகளும் ஒரே ஒரு சுவடியில்தான் உள்ளன. 1731இல் நூலகம் தீப்பிடித்தபோது அதன் ஓரங்கள் கருகின. இன்னும் கொஞ்சம் எரிந்திருந்தால் அப்படி ஒரு காவியம் இருந்ததே தெரிந்திருக்காது. பேக்கப் இல்லை.

ஃபின்லாந்தில் எலியாஸ் லென்ரூட் நாட்டார் பாடல்களைச் சேகரித்துக் கலேவலாவைத் தந்தார். ஜெர்மனிக்கு கிரிம் சகோதரர்கள். ஐஸ்லாந்திடம் சாகாக்கள் இருந்தன. இங்கிலாந்திடம் சேகரிக்க ஒன்றும் மிஞ்சவில்லை. என் நாட்டுக்குச் சமர்ப்பிக்கும்படியான ஒரு புராணத் தொகுதியைச் செய்ய ஒருகாலத்தில் ஆசைப்பட்டேன் என்று டோல்கீன் பின்னாளில் ஒரு கடிதத்தில் சொல்கிறார்.

எப்படிச் செய்தார் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. ரோமானியர்கள் போனபிறகு இடிந்து கிடந்த பெரிய கட்டிடங்களைப் பார்த்த ஆங்கிலோ-சாக்ஸன் கவிஞர்கள் அவற்றை 'எண்ட்'களின் வேலை என்றார்கள். எண்ட் என்றால் ஏதோ பூதம். எப்படி இருக்கும், எங்கே போயின, ஒரு விவரமும் இல்லை. அந்தச் சொல்லுக்குத்தான் டோல்கீன் உடம்பு கொடுத்தார். மரம்போல் நடந்து, மெதுவாகப் பேசும் எண்ட்டுகள் வந்தன. 'ஓர்க்' பியோவுல்ஃப் காலத்துச் சொல். டிராகனின் குகையிலிருந்து கோப்பையைத் திருடும் காட்சி பியோவுல்ஃபில் இருக்கிறது. ஹாபிட்டின் குள்ளர்கள் பெயரும், கேண்டால்ஃப் என்ற பெயரும் பழைய நார்ஸ் கவிதை ஒன்றில் வரும் குள்ளர் பட்டியலிலிருந்து வந்தவை. அந்தப் பட்டியலில் 'கோல்கொண்ட எல்ஃப்' என்று பொருள்படும் பெயர் எதற்காக வந்தது என்ற கேள்விக்குப் பதில்தான் கதையில் வரும் மந்திரவாதி.

1936 நவம்பரில் பிரிட்டிஷ் அகாடமியில் அவர் பியோவுல்ஃப் பற்றி ஆற்றிய உரை அந்தத் துறையின் போக்கையே மாற்றியது. அதில் ஓர் உவமைக் கதை உண்டு. ஒருவன் பழைய கற்களை வைத்து ஒரு கோபுரம் கட்டுகிறான். நண்பர்கள் வந்து கற்களின் பூர்வீகத்தை ஆராய்வதற்காக அதைத் தள்ளிவிடுகிறார்கள். எதற்காக இப்படி ஒரு அர்த்தமில்லாத கோபுரம் கட்டினான் என்றும் கேட்கிறார்கள். ஆனால் கட்டியவனுக்கு அந்தக் கோபுரத்தின் உச்சியிலிருந்து கடல் தெரிந்தது. பியோவுல்ஃபை வரலாற்றுச் சான்றாக மட்டும் குடைந்துகொண்டிருந்த சக பேராசிரியர்களுக்கான பதில் இது. பூதங்களையும் டிராகனையும் வெட்கத்தோடு ஒதுக்காதீர்கள், கவிதையின் மையமே அவைதான் என்றார். அடுத்த ஆண்டு செப்டம்பரில் 'ஹாபிட்' வெளியானது. மாணவர் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தபோது ஒருவன் காலியாக விட்டிருந்த பக்கத்தில் சும்மா கிறுக்கிய ஒற்றை வாக்கியத்திலிருந்து வந்த புத்தகம் அது. நான்கு பிள்ளைகள், போதாத சம்பளம். கோடை விடுமுறையெல்லாம் அவர் விடைத்தாள் திருத்தியது கூடுதல் வருமானத்துக்காக.

பண்டிதரும் கதைக்காரரும் ஒருவரே என்பதற்கு நான் எப்போதும் காட்டும் சான்று ஒரு பக். 1937 ஹாபிட்டில் கோல்லம் மோதிரத்தைப் பந்தயப் பரிசாகவே தருவதாக ஒத்துக்கொள்கிறது. தொடர்ச்சி எழுத உட்கார்ந்தபோது மோதிரம் உலகத்தையே அழிக்கும் பொருளாகிவிட்டது. அதை யாராவது பந்தயத்தில் வைப்பார்களா? சாதாரண எழுத்தாளர் பழைய அத்தியாயத்தைத் திருத்திவிட்டு அமைதியாக நகர்ந்துவிடுவார். டோல்கீனும் திருத்தினார், 1951 பதிப்பில் அது வந்தது. ஆனால் 'மோதிரங்களின் தலைவன்' முன்னுரையில் இரண்டு வடிவங்களையும் ஒத்துக்கொள்கிறார். முதல் வடிவம் பில்போ தன் நாட்குறிப்பில் எழுதிய பொய்யாம். உண்மையான வடிவம் வேறு பிரதிகளில் இருக்கிறதாம். பாடபேதம் கதையாகிவிட்டது! மோதிரம் கைக்கு வந்த முதல் நாளே நல்லவனைப் பொய் சொல்ல வைத்தது என்று அதுவே மோதிரத்தின் தன்மைக்கும் சான்றாகிவிட்டது. பக்கை ஃபீச்சர் ஆக்குவது என்று நாங்கள் ஆபீஸில் கேலியாகச் சொல்வதை இவ்வளவு கம்பீரமாக யாரும் செய்து நான் பார்த்ததில்லை.

5

இனி அந்த வெற்றிடக் கேள்விக்கு வருவோம்.

டோல்கீன் நேசித்த அதே வடபுலத் தொன்மங்களை, அதே சொற்களை, அதே காலத்தில் வேறு ஒரு கூட்டமும் தோண்டிக்கொண்டிருந்தது. 1938இல் பொட்ஸ்டாமைச் சேர்ந்த ஒரு ஜெர்மன் பதிப்பகம் ஹாபிட்டை மொழிபெயர்க்க விரும்பி, நீங்கள் ஆரிய வம்சமா என்று கேட்டு எழுதியது. அவர் எழுதிய பதில் வரைவு ஒன்று கிடைத்திருக்கிறது. ஆரியம் என்றால் இந்தோ-ஈரானிய மொழிகள், என் முன்னோர் யாரும் இந்துஸ்தானியோ பாரசீகமோ பேசியதாகத் தெரியவில்லை என்று முதலில் மொழிநூல் பாடம் எடுக்கிறார். யூதரா என்று கேட்கிறீர்கள் என்றால், அந்தத் திறமை மிக்க மக்களில் முன்னோர் யாரும் எனக்கு இல்லாமல் போனதே வருத்தம் என்று முடிக்கிறார். 1941இல் மகனுக்கு எழுதிய கடிதத்தில் ஹிட்லர் மீது தனக்குத் தனிப்பட்ட பகையே உண்டு என்கிறார். தான் வாழ்நாளெல்லாம் நேசித்துப் படித்த ஒன்றை அந்த ஆள் நாசம் பண்ணிவிட்டான் என்பதுதான் கோபம்.

இரண்டு தரப்பின் கையிலும் இருந்தது அதே கருகிய ஓரங்கள்தான். ஒரு தரப்பு நட்சத்திரத்தை அழித்துவிட்டு, இப்படித்தான் இருந்தது, நாங்கள்தான் அதன் வாரிசு என்றது. டோல்கீன் ஆய்வுக்கட்டுரையில் நட்சத்திரத்தைக் கவனமாகப் போட்டார். அதற்கு மேலே பொங்கியதை எல்லாம் கதை என்று பெயர் வைத்துக் கதையாகவே எழுதினார். ஏக்கம் இரண்டு பேருக்கும் ஒன்றுதான். ஆனால் ஒன்று அட்டையில் நாவல் என்று போட்டுக்கொண்டு வந்தது, மற்றது வரலாறு என்று சொல்லிக்கொண்டு ஆட்களைக் கொன்றது. பழம்பெருமை பேசுகிற எந்தச் சமூகத்துக்கும், நம்முடையதையும் சேர்த்துத்தான், இந்த வித்தியாசம் முக்கியம்.

அதற்காக அவரைப் புனிதராக்கவும் முடியாது. மோர்டோர் பக்கம் சண்டை போடுகிறவர்கள் கிழக்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் வரும் கருத்த தோலினர். ஓர்க்குகளின் முகத்தை வர்ணித்து எழுதிய ஒரு கடிதத்தில் மங்கோலியச் சாயலை இழிவாகச் சொல்லியிருக்கிறார். வரைபடத்தின் தென்கிழக்கு மூலையில் உட்கார்ந்து படிக்கும் எனக்கு அது உறுத்தத்தான் செய்கிறது. அதே புத்தகத்தில்தான், செத்து விழுந்த ஒரு தெற்கத்திச் சிப்பாயைப் பார்த்து சாம் யோசிக்கும் இடமும் இருக்கிறது. இவன் பெயர் என்ன, உண்மையிலேயே கெட்டவனா, என்ன பொய் சொல்லி இவனை இவ்வளவு தூரம் கூட்டிவந்தார்கள் என்று. சோம் களத்தில் நின்றவரால் மட்டுமே எழுத முடிந்த இடம் என்று நினைக்கிறேன். இரண்டுமே அவருடையவைதான். ஒன்று மற்றதை ரத்து செய்துவிடாது.

6

விலை இல்லாமலும் இல்லை. சாசர் நூலுக்குக் குறிப்பெழுத 1920களில் ஒத்துக்கொண்டு, கால் நூற்றாண்டு இழுத்து, கடைசியில் 1951இல் தாள்களைத் திருப்பிக் கொடுத்தார். 1930களில் கையில் எடுத்த ஓர் இடைக்காலச் சுவடியின் பதிப்பு, பணி ஓய்வுக்கு மூன்று ஆண்டுகள் கழித்து 1962இல்தான் வெளிவந்தது. 1926இல் செய்து முடித்த பியோவுல்ஃப் மொழிபெயர்ப்பை அச்சுக்கே கொடுக்கவில்லை. நாவல் புகழ்பெற்றதும், இத்தனை வருஷம் இதைத்தான் செய்துகொண்டிருந்தாரா என்று சக பேராசிரியர்கள் முணுமுணுத்தார்கள். 1937 டிசம்பரில் தொடங்கிய 'மோதிரங்களின் தலைவன்' 1954, 55இல்தான் வந்தது. ஆயிரம் பவுண்டு வரை நஷ்டமாகலாம் என்று கணக்குப் போட்டுத்தான் பதிப்பாளர் அதை எடுத்தார்.

1973இல் டோல்கீன் இறந்தபோது, 1917 முதல் எழுதிய சில்மரிலியன் அப்போதும் முடியாமல் பெட்டி பெட்டியாகக் கிடந்தது. மகன் கிறிஸ்டஃபரும் ஆக்ஸ்ஃபோர்டில் பழைய ஆங்கிலமும் நார்ஸும் கற்பித்தவர். அவர் 1975இல் வேலையை விட்டுவிட்டு அந்தப் பெட்டிகளோடு உட்கார்ந்தார். 1977இல் சில்மரிலியன் வந்தது. 1983க்கும் 1996க்கும் இடையில் பன்னிரண்டு தொகுதிகளில் வரைவுகள் வந்தன. எது முந்தியது, எது பிந்தியது, எந்த மை, எந்தத் தாள், எந்தப் பெயர் எப்போது மாறியது என்று வரிவரியாகக் குறிப்பு. ஓர் இடைக்காலச் சுவடிக்குச் செய்யும் அத்தனை மரியாதையும் அப்பாவின் கற்பனைக்குச் செய்யப்பட்டது. பியோவுல்ஃப் மொழிபெயர்ப்பும் அவர் கையால்தான் 2014இல், 88 ஆண்டு தாமதமாக, வெளியானது. இப்போது இங்கிலாந்திடம் கொஞ்சம் புராணம் இருக்கிறது. பாடபேதங்களும் சிதிலங்களும் முடியாத பகுதிகளுமாக, உண்மையான புராணங்கள் எந்த நிலையில் கிடைக்குமோ அதே நிலையில்.

மோதிரங்களின் தலைவனைப் படித்தவர்களில் பெரும்பாலோர் கடைசியில் வரும் பின்னிணைப்புகளைத் தாண்டிவிடுகிறார்கள். முடிந்தால் மொழிபெயர்ப்பைப் பற்றிய பகுதியை மட்டும் படித்துப் பாருங்கள். இந்த நாவல் ஒரு பழைய சுவடியின் மொழிபெயர்ப்பு, மெரி என்கிற நம் ஹாபிட்டின் நிஜப் பெயர் மெரியே இல்லை, கலிமாக் என்று அதில் ஒரு பண்டிதர் நிதானமாக விளக்கிக்கொண்டிருப்பார். சிரிக்காமல், ஒரு இடத்தில்கூடக் குரல் மாறாமல்.